மழைச் சோதனையில் நின்றுபோன எங்கள் மின்சாரக் கார்

எங்கள் கல்லூரி மாணவர்கள் கட்டிய முதல் மின்சாரப் பந்தயக் காரின் மின் பொறுப்பு, மூன்றாம் ஆண்டில் என்னிடம் வந்தது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் கல்லூரி மாணவர்களுக்காக நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்கான ஒற்றை இருக்கைக் கார் அது. மோட்டாரையும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டரையும் விலைக்கு வாங்கினோம். பேட்டரிப் பெட்டியை நாங்களே செய்தோம். 18650 வகை லித்தியம் செல்கள் 576. அவற்றை ஆறு ஆறாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அத்தகைய 96 கொத்துகளைத் தொடர் இணைப்பில் கோத்தால், முழு சார்ஜில் 403 வோல்ட் கிடைக்கும். விதி 600 வோல்ட் வரை அனுமதித்தாலும், பெட்டியின் ஓர் அறைக்குள் 120 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதால், நான்கு அறைகளாகப் பிரித்தோம்.

இவை எதிர்பார்த்த வேலைகள்தாம். எங்களை அலைக்கழித்தது மின்காப்பு. உயர் மின்னழுத்தச் சுற்றுக்கும் காரின் உலோக உடலுக்கும் இடையே உள்ள தடையை ஒரு கருவி இடைவிடாது கண்காணிக்கிறது. ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம், அதாவது எங்கள் காருக்கு ஏறத்தாழ 2 லட்சம் ஓம் என்ற அளவுக்குக் கீழே தடை இறங்கினால், பேட்டரியின் ரிலேக்கள் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) திறந்து மின்சுற்றைத் துண்டித்துவிடும்; ஓட்டுநரால் தம் இருக்கையிலிருந்து அதை மீட்கவும் முடியாது. மழைச் சோதனையில், ஓட்டுநர் இல்லாமல், சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, மின்சுற்றை உயிர்ப்புடன் வைத்து 120 விநாடி நீர் தெளிப்பார்கள். நீரை நிறுத்திய பிறகும் 120 விநாடி அந்தக் கருவி சுற்றைத் துண்டிக்காமல் இருக்க வேண்டும்.

போட்டிக்கு மூன்று வாரங்களுக்கு முன், பணிமனை வாசலில் தோட்டத்துக் குழாயைக் கொண்டு நாங்களே ஒத்திகை பார்த்தோம். நீர் விழுந்த இரண்டு நிமிடமும் கார் தாங்கியது. நீரை நிறுத்தி, கைதட்டத் தொடங்கிய நேரத்தில் அணைந்தது. பேட்டரியைத் துண்டித்து, இன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு (மின்காப்பை அளக்கும் மெக்கர் கருவியின் 500 வோல்ட் அதன் உள்பாகங்களைக் கெடுத்துவிடும்), மோட்டாரையும் கேபிள்களையும் தனித்தனியே அளந்தோம். எல்லாம் பழுதின்றி இருந்தன. கழற்றித் துடைத்த சமயத்திலேயே பழுது காய்ந்து போயிருந்தது என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, துணி தேய்ப்பவர்கள் பயன்படுத்தும் தெளிப்பான் ஒன்றை வாங்கி, ஒவ்வொரு இடமாக நனைத்துக் காத்திருந்தோம். இன்வெர்ட்டர் பெட்டிக்கு மேலிருந்து இறங்கும் கேபிளை நனைத்த மூன்றாவது நிமிடத்தில் கார் மீண்டும் அணைந்தது. பெட்டியைத் திறந்தால், மின்முனைக்கும் உலோகச் சுவருக்கும் நடுவே ஒரு சொட்டு நீர்.

கேபிள் பெட்டிக்குள் நுழையும் துளையை அடைக்கும் திருகு மூடியை, அதாவது கேபிள் கிளாண்டை, இன்னும் இறுக்குவது என்றே நாங்கள் முடிவு செய்திருந்தோம். ஆய்வகத்து எலக்ட்ரீஷியன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தண்ணி ஒயரைப் பிடிச்சுக்கிட்டே உள்ள இறங்குது. வீட்டுக்கு வர்ற சர்வீஸ் ஒயர்ல ஒரு தொய்வு விட்டுத்தானே மேல ஏத்துவோம், பார்த்ததில்லையா?" பார்த்திருக்கிறோம், எத்தனையோ முறை, மூன்றாண்டுப் பாடத்தில் அது எங்கும் வரவில்லை, அவ்வளவே. பெட்டியின் பக்கவாட்டில் புதுத் துளை இட்டு, கேபிளைத் தாழ்வாக இறக்கி வளைத்து ஏற்றினோம். நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிட்டது.

செட்டிப்பாளையத்தில் மழைச் சோதனை முதல் முறையிலேயே முடிந்தது. நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டிய பிரேக் சோதனைக்கு மூன்று முயற்சிகள் தேவைப்பட்டன. 22 கிலோமீட்டர் நெடும் ஓட்டத்தை மட்டும் முடிக்க முடியவில்லை: பாதித் தொலைவுக்கு முன்பே ஒரு செல் கொத்தின் வெப்பம் 60 டிகிரியைத் தொட, பேட்டரி மேலாண்மை அமைப்பு காரை நிறுத்திவிட்டது. நீர் புகாதபடி நாங்கள் அத்தனை கவனமாக மூடிய பெட்டிக்குள் காற்றும் போதிய அளவு போகவில்லை. அந்தப் பெட்டி இப்போது இரண்டாம் ஆண்டு மாணவர்களின் மேசையில் மூடி திறந்து கிடக்கிறது.