குரூப் 4 முடிவு வந்துவிட்டது, விஏஓ எடுக்கப் போவதில்லை

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து வீட்டிலும் தெருவிலும் ஒரே கேள்வி: "விஏஓ கிடைச்சிடும்ல?" கிராம நிர்வாக அலுவலர் வேலையைத்தான் கேட்கிறார்கள். கிடைக்க வாய்ப்பிருக்கிற ரேங்க்தான். ஆனாலும் ரேங்க் வரிசையில் பதவியைத் தேர்ந்தெடுக்கிற கலந்தாய்வில் இளநிலை உதவியாளர் பதவியைத்தான் கேட்கப் போகிறேன். அம்மாவுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. எப்படிப் படிப்பது என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். பாஸ் செய்த பிறகு எந்த வேலையை எடுப்பது, அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்ல ஆள் குறைவு. அதனால் இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

2025 ஜூலை 12 தேர்வுக்கு அறிவிக்கை வந்தபோது மொத்தம் 3,935 இடங்கள். பிறகு கூடியது. அந்த அறிவிக்கையில் விஏஓ இடங்கள் வெறும் 215. பெரும்பகுதி இளநிலை உதவியாளரும் தட்டச்சரும்தான். ஆனால் நான் படித்த பயிற்சி மையத்தில் எந்நேரமும் விஏஓ கட்-ஆஃப் பற்றித்தான் பேச்சு. மற்ற பதவிகளெல்லாம் 'அது கிடைக்காவிட்டால்' என்ற கணக்கில். அங்கே ஒரு நாள்கூட இளநிலை உதவியாளர் காலையில் போய் என்ன செய்வார் என்று யாரும் சொன்னதில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்கள் மேல் கோபம் உண்டு. ஓய்வு பெறும்வரை பார்க்கப் போகிற வேலையை, கட்-ஆஃப் எங்கே அதிகமோ அது உசத்தி என்று தேர்ந்தெடுக்க வைப்பது நியாயமில்லை.

முதலில் சம்பளக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். விஏஓ, இளநிலை உதவியாளர், தட்டச்சர் மூன்றுக்கும் ஒரே ஊதிய நிலைதான், அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடக்கம். சுருக்கெழுத்துத் தட்டச்சருக்கு 20,600. அகவிலைப்படி எல்லோருக்கும் ஒரே சதவீதம், வீட்டு வாடகைப்படி மட்டும் வேலை பார்க்கும் ஊரைப் பொறுத்து மாறும். ஆக, பணம் உங்களுக்காக முடிவு செய்து தராது. உங்கள் நாள் எப்படிப் போகும் என்பதை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. தேர்வு எழுதி முடித்து முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில், அந்தந்த வேலையில் இருப்பவர்களைத் தேடிப் போய்ப் பேசினேன். "வேலை எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றோ "வேண்டாம்மா" என்றோ ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொல்வதில்லை. முழு வேலையும் வெளியே வந்துவிடும். இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

விஏஓ

என் தாய்மாமா விஏஓ. திருவாரூர் மாவட்டம், முழுக்க நெல் விளையும் கிராமம். அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டது அறுவடை நேரத்தில். காலை ஆறு மணிக்கு வாசலில் ஆள். கொள்முதல் நிலையத்தில் நெல் போட அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கணக்கு) வேண்டும், மழை வருவதற்குள் மூட்டை ஏற வேண்டும், அந்த அவசரம் அவர்களுக்கு. பிறகு சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இணையத்தில் வந்து நிற்கிற விண்ணப்பங்களுக்கு விசாரணை. நடுவில் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து போன், உடனே ஓர் அறிக்கை. மதியம் வரப்புத் தகராறு, நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை எடுத்துக்கொண்டு வயலுக்கு. மாலையில் முதியோர் ஓய்வூதியம் கேட்ட ஒரு பாட்டியின் வீட்டில் நேரடி விசாரணை. சாப்பிட்டது மூன்றரை மணிக்கு. பக்கத்து கிராமத்துக்கு ஆள் இல்லாததால் அதுவும் இவருக்குக் கூடுதல் பொறுப்பு.

மழைக்காலம் என்றால் இன்னும் மோசம். வயலில் தண்ணீர் நின்றால் பயிர்ச்சேதக் கணக்கு, வீடு இடிந்தால் நிவாரணக் கணக்கு, ராத்திரி கரை உடைந்தால் முதலில் ஓட வேண்டியவர் அவர். ஆற்றில் அடையாளம் தெரியாத பிணம் ஒதுங்கினால் காவல் நிலையத்துக்குத் தகவல் எழுதித் தருவதும் அவர்தான். ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டு, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு, ஜூனில் முடிகிறது. அதை ஒட்டி ஜமாபந்தி, கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் வருடாந்தரத் தணிக்கை. அ பதிவேடு, அடங்கல், சிட்டா என்று கிராமக் கணக்குகள் எல்லாம் அதற்குள் நேராக இருக்க வேண்டும்.

ஆபத்தும் உண்டு, அதை மறைத்துப் பேசக் கூடாது. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் விஏஓ லூர்து பிரான்சிஸ், மணல் கடத்தல் பற்றிப் புகார் கொடுத்ததற்காகத் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். நேர்மையாக இருக்க முடிவு செய்கிறவர் அந்த நேர்மைக்குத் துணையாக யார் இருக்கிறார்கள் என்றும் யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம், பட்டா மாறுதலுக்குப் பணம் வாங்கி லஞ்ச ஒழிப்புத் துறையிடம் மாட்டும் செய்தி மாதம் தவறாமல் வருகிறது. பணம் தானாக மேஜைக்கு வருகிற வேலை இது. வேண்டாம் என்று தினமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் மாமா இந்த வேலையை விடச் சொன்னால் விடமாட்டார். 1980-இல் கர்ணம், மணியக்காரர் என்ற பரம்பரைப் பதவிகளை ஒழித்த பிறகு வந்த பதவி இது. யார் வீட்டுப் பிள்ளையும் தேர்வு எழுதி அந்த நாற்காலியில் உட்காரலாம் என்பது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. தான் பரிந்துரைத்த வருமானச் சான்றால் ஒரு பெண்ணுக்குக் கல்லூரி உதவித்தொகை வந்ததை மாமா இன்றைக்கும் சொல்வார். அறைக்குள் மேலதிகாரி கிடையாது, கிராமத்தில் அரசாங்கம் என்றால் அவர் முகம்தான். மனிதர்களோடு இருப்பதும் வெயிலில் சுற்றுவதும் சட்டென்று முடிவெடுப்பதும் பிடித்தவர்கள் தயங்காமல் விஏஓ எடுங்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது தெரியும்தானே.

எனக்கு அந்த இயல்பு இல்லை. ஒரு நேரத்தில் ஒரு காரியத்தை எடுத்து, முடித்து, அடுத்ததற்குப் போனால்தான் எனக்கு நிம்மதி. அதோடு அடுத்த படியான குரூப் 2 தேர்வு எழுத வேண்டும். மாலை நேரம் என் கையில் இருக்க வேண்டும்.

இளநிலை உதவியாளர்

எங்கள் தெரு அக்கா ஒருவர் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இளநிலை உதவியாளர். அவர் சொன்ன ஒரு நாள்: ஆசிரியர்களின் ஊதியப் பட்டியல், கருவூலத்துக்கு அனுப்ப வேண்டியவை, விடுப்புக் கணக்கு, பணிப்பதிவேட்டில் பதிவுகள், மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த பெற்றோர், கல்வி அலுவலகம் கேட்ட புள்ளிவிவரம். பள்ளிக்கு ஒரே எழுத்தர் என்பதால் எல்லாம் அவர் மேல்தான். ஆனால் சாயங்காலம் பூட்டிவிட்டு வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். சம்பளப் பட்டியல் வாரம் மட்டும் விதிவிலக்கு.

இந்தப் பதவியில் எல்லாமே துறையைப் பொறுத்தது. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகப் போனால் உதவியாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று ஏணி நீளம். ஆனால் வேலைப் பளுவும் தேர்தல், வெள்ளம் என்ற அலைச்சலும் கூடவே வரும். பத்திரப்பதிவில் முகூர்த்த நாளென்றால் கூடுதல் டோக்கன், கூட்டம் அலைமோதும். காவல் துறை அமைச்சுப் பணி (அலுவலக எழுத்து வேலை) என்றால் சீருடைக்காரர்களின் கோப்புகளோடு காலம் போகும். எந்தத் துறை என்று கேட்காமல் 'இளநிலை உதவியாளர் நல்லதா?' என்று கேட்பதில் பயனே இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரே மாதிரி வேலை. உங்களிடம் வரும் கோப்புகளைக் குறித்து வைக்கும் தன்பதிவேட்டில் நிலுவை ஏறினால் பதில் சொல்வது நீங்கள்தான், கோப்பு மேலே யார் மேஜையில் தூங்கினாலும். பழைய எழுத்தர் விட்டுப்போன தணிக்கைத் தடைகளுக்கும் (கணக்குத் தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபங்கள்) உங்களிடம்தான் விளக்கம் கேட்பார்கள். பவானிசாகரில் நடக்கும் அடிப்படைப் பயிற்சியையும் உங்கள் துறைக்குரிய துறைத் தேர்வுகளையும் தள்ளிப்போட்டால் பதவி உயர்வும் தள்ளிப்போகும். சேர்ந்த உடனே துறைத் தேர்வுகளை எழுதி முடித்தவர்களும் எழுதாதவர்களும் பிற்பாடு எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பதை அக்கா வருத்தத்தோடு சொன்னார்.

மற்றவை, சுருக்கமாக

தட்டச்சர்: தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சுச் சான்று இருப்பவர்கள் குறைவு, அதனால் போட்டியும் குறைவு. சேர்ந்த பிறகு பல அலுவலகங்களில் தட்டச்சோடு கோப்பும் பார்க்கச் சொல்கிறார்கள். பத்தாவது முடித்த தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், விடுமுறையில் தட்டச்சு வகுப்பில் சேருங்கள். இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

சுருக்கெழுத்துத் தட்டச்சர்: ஊதியம் ஒரு படி மேல். ஆனால் அதிகாரி எழுந்து போகும் நேரம்தான் உங்கள் நேரம்.

வரித்தண்டலர்: நகராட்சி, மாநகராட்சி. சொத்து வரி, தண்ணீர் வரி. வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும், மார்ச் நெருங்கினால் இலக்கு நெருக்கும். பேச்சுத் திறமை உள்ளவர்களுக்குச் சரி.

வனக்காப்பாளர்: உடல் தகுதி, நடைத் தேர்வு எல்லாம் உண்டு. காடு பிடித்தவர்கள் மட்டும். ஊர்ப்பக்கம் அடிக்கடி வர முடியாது.

படிப்பு பற்றி

இந்த முறை தமிழ்ப் பகுதி எல்லோரையும் உலுக்கியது. நூறு கேள்விகள், அதில் 40 சதவீதம் வராவிட்டால் மறு பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். என்னைக் காப்பாற்றியது இலக்கணம். ஆறு முதல் பத்து வரையான புத்தகங்களின் இலக்கணப் பாடங்களைப் படித்ததோடு நிற்காமல், செய்தித்தாளில் ஒரு பத்தி எடுத்து அதில் புணர்ச்சி, தொகை, வினைமுற்று என்று பிரித்துப் பார்ப்பேன். புத்தகத்துக்கு வெளியே கேட்டாலும் தடுமாறாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். கணக்கில் 25 கேள்விகளும் வேகத்துக்கானவை. தனிவட்டி, கூட்டுவட்டி, நேரமும் வேலையும், இவற்றை மட்டும் தினமும் விடாமல் செய்தேன். மாதிரித் தேர்வுகளைக் குவித்து எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை. ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அலசினேன்.

கலந்தாய்வுக்குப் போகிறவர்கள் அதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை:

- இந்த வேலையில் இருப்பவர் நேற்று எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார்?
- பொதுமக்கள் நேரடியாக உங்களிடம் வருவார்களா, கோப்பு மட்டுமா?
- பணியிட மாறுதல் தாலுகாவுக்குள்ளா, மாவட்டத்துக்குள்ளா, மாநிலம் முழுக்கவா?
- அடுத்த பதவி உயர்வு எது? உங்களுக்கு முன்னால் பணிமூப்பில் எத்தனை பேர்?
- பெண்கள் என்றால்: அந்த அலுவலகத்தில் கழிப்பறை உண்டா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு? இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

கலந்தாய்வு சென்னையில், பெரிய திரையில் காலியிடங்கள் ஓடும். உங்கள் முறை வரும்போது யோசிக்க நேரம் கிடையாது. தேர்ந்தெடுத்ததை மாற்றவும் முடியாது. பதவி, துறை, மாவட்டம் என்று வரிசைப்படி ஒரு தாளில் இருபது விருப்பமாவது எழுதிக் கொண்டு போங்கள். முதல் மூன்று போய்விட்டால் என்ன செய்வது என்று அங்கே வைத்து முடிவெடுக்க வேண்டி வரக் கூடாது.

தமிழ் வழி இட ஒதுக்கீடு கேட்கிறவர்கள் ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருந்தாலோ இணைக்கப்பட்டிருந்தாலோ பதிவேடு எங்கே போனது என்று தேடுவதற்கே நாள் ஆகும். முடிவு வரட்டும் என்று காத்திருக்காமல் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கிற வாரத்திலேயே வாங்கி வைத்துவிடுங்கள்.