வேலி அலரியும் எங்கட கறுப்பியும்

திருகோணமலை உப்புவெளியில் எங்கட வளவுக்கு மஞ்சள் அலரிதான் வேலி. மணலுக்கும் உப்புக்காற்றுக்கும் அசையாது. மாடும் வாய் வைக்காது. ஆனால் கறுப்பி பல் முளைக்கிற நாய்க்குட்டி, செருப்பு, தும்புத்தடி எல்லாம் சப்புவாள். அலரியில் இலை, பூ, பால் எல்லாமே நஞ்சு, இதயத் துடிப்பையே குழப்பிவிடும். கொட்டை இன்னும் மோசம். வெட்டலாம் என்றால், பூசைக்குப் பூ வேணுமாம், அம்மம்மா விடவில்லை. காலையில் விழுந்த காய்களைக் கூட்டி அள்ளுவது என் வேலை.

கார்த்திகைப் பூவிலும் கிழங்குதான் கூடப் பயம். கறுப்பி மண் கிண்டுகிறவள். சுற்றிக் கம்பிவலை அடித்தாயிற்று. விறாந்தைச் சாடியில் நின்ற டிஃபன்பாக்கியா என்ற அழகுச்செடியைச் சப்பினால் வாயும் நாக்கும் வீங்கும். அது மச்சாள் வீட்டுக்குப் போய்விட்டது, அங்கே நாயுமில்லை பூனையுமில்லை.

நாய் எதையாவது தின்றுவிட்டால் உப்புத்தண்ணி பருக்கி வாந்தி எடுக்கவைக்காதீர்கள். தின்ற இலையோடு உடனே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள்.