டாப் ஸ்டேஷனில் ரயில் எங்கே?

"பேருதான் ஸ்டேஷன், ரயிலைக் காணோமே?" மூணாறை அடுத்த மலைமுகடான டாப் ஸ்டேஷனில் இன்று ஒருவர் கேட்டது காதில் விழுந்தது.

ரயில் இருந்தது. தேயிலைக்காகவே ஓடியது.

1902-இல் மூணாறிலிருந்து இங்கே மோனோரயில் போட்டார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் பாரம், பக்கத்துச் சாலையில் உருளும் ஒரு பெரிய சக்கரத்தில் சமநிலை, இழுக்க மாடுகள். 1908-இல் அது இரண்டடி அகல ரயில்பாதையானது. தேயிலைப் பெட்டிகள் இங்கிருந்து ரோப்வேயில் மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 வெள்ளம் பாதையை அடித்துக்கொண்டு போனது. திரும்பப் போடவே இல்லை.

தடம் தேடுபவர்கள் தண்டவாளத்தைத் தேட வேண்டாம், ஏற்றத்தைப் பாருங்கள். மலைச்சரிவை ஒட்டி, ஒரே சீராக, மெல்ல ஏறும் பாதைதான் ரயிலுக்கு உரியது. சட்டென்று திரும்பும் கொண்டை ஊசி வளைவு வந்தால் அநேகமாக அது வண்டிப்பாதை. எஸ்டேட் ரோடுகளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ஓடை குறுக்கிடும் இடங்களை விடாதீர்கள். பாலம் போனாலும் இரு கரையிலும் கொத்திய கல் கட்டுமானம் மிஞ்சும். நேருக்கு நேர், ஒரே உயரத்தில், ஆனால் லாரி போக முடியாத அளவு குறுகலாக இருந்தால் ரயில்பாலம்தான் என்று நம்பி அளக்கலாம். பாதைக்காகச் சரிவை வெட்டிய, இப்போது செடி மூடிய பள்ளங்கள் உச்சி வெயிலில் தெரியாது. காலைச் சாய்வெயிலில் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும்.

மூணாறின் பழைய ஸ்டேஷன் கட்டிடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனி அலுவலகமானது. தேடலை அங்கே தொடங்குங்கள்.

குரங்கணி பக்கமாக ஏற நினைத்தால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 காட்டுத்தீயை மறக்க வேண்டாம்.