சுவருக்குள் நிற்கும் தூண்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில், கத்தானியா நகரத்தில் பஸ் ஏறி சிராக்கூசாவில் இறங்கியபோது நல்ல வெயில். பையை அறையில் போட்டுவிட்டு, பாலத்தைக் கடந்து ஓர்த்திஜா தீவுக்குள் நடந்தேன். கி.மு. 734 வாக்கில் கொரிந்து நகரத்துக் கிரேக்கர்கள் கப்பலில் வந்து குடியேறிய இடம் இது. சிசிலியில் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்த்துவிட வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருந்தேன்.

ஓர்த்திஜாவில் இருக்கும் பேராலயத்தின் முகப்பு 18-ஆம் நூற்றாண்டுப் படைப்பு. அழகுதான், ஆனால் நான் தேடி வந்தது அதையல்ல. இடப்பக்கச் சந்துக்குள் திரும்பினேன். ஆலயச் சுவரில் பாதி புதைந்தபடி, இரு கைகளுக்குள் அடங்காத பருமனில் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கி.மு. 480-ல் ஹிமேரா என்ற இடத்தில், வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜின் படையை வென்ற சிராக்கூசா ஆட்சியாளன் கேலோன், அத்தேனா தேவிக்கு எடுப்பித்த கோயிலின் தூண்கள் அவை. 7-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்கள் தூண்களின் இடைவெளிகளைக் கல் வைத்து அடைத்தார்கள். கருவறைச் சுவரைக் குடைந்து வளைவுகள் ஆக்கினார்கள். அரபியர் காலத்தில் மசூதி. நார்மானியர் வந்த பிறகு மறுபடியும் தேவாலயம். உள்ளே போய், ஒரு தூணின் நெடுகச் செதுக்கிய குழிவரிக்குள் உள்ளங்கையை வைத்தேன். கல் சில்லென்று இருந்தது. ஓரங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. பக்கத்தில் ஒரு மூதாட்டி அதே தூணில் சாய்ந்துகொண்டு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஆர்க்கிமிடீஸ் பிறந்ததும், கி.மு. 212-ல் ரோமானியச் சிப்பாயின் வாளுக்குப் பலியானதும் இந்த ஊரில்தான். கி.மு. 75-ல் சிசிலிக்கு அதிகாரியாக வந்த ரோமானியப் பேச்சாளர் சிசரோ, ஆர்க்கிமிடீஸின் கல்லறையைப் பற்றிக் கேட்டபோது, அப்படி ஒன்றே இல்லை என்றார்களாம் ஊர்க்காரர்கள். முட்புதருக்கு மேலே தலைகாட்டிய சிறு தூணில், ஆர்க்கிமிடீஸின் கணிதத்துக்கு அடையாளமான கோளமும் உருளையும் செதுக்கியிருந்ததை வைத்து சிசரோவே அதைக் கண்டுபிடித்தார். அவர் கண்ட கல்லறை இன்று இல்லை. அந்த இழப்பு எனக்கு ஆறவே இல்லை.

மறுநாள், பாறையைக் குடைந்து செய்த பழைய நாடக அரங்கம். 1914 முதல் இங்கே மீண்டும் கிரேக்க நாடகங்கள் நடக்கின்றன. அதை ஒட்டிய கல்குவாரியில் இப்போது எலுமிச்சை மரங்கள். இந்த ஊரைத் தாக்க வந்து கி.மு. 413-ல் தோற்றுப்போன ஏதென்ஸ் படையினர் ஏறத்தாழ 7,000 பேரை இதுபோன்ற குவாரிகளில்தான் அடைத்துப் போட்டார்கள். பகலில் வெயில், இரவில் குளிர், பட்டினி. அந்தப் போரில் பிடிபட்டு அடிமைகளானவர்களில் சிலர் ஏதென்ஸ் நாடகக் கவிஞர் யூரிப்பிடீஸின் வரிகளை நினைவிலிருந்து சொல்லிக் காட்டியே விடுதலை பெற்றார்கள் என்று பழங்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். சிசிலிக்காரர்களுக்கு அந்தக் கவிஞர்மேல் அத்தனை மோகம். ஊர் திரும்பியவர்கள் நேரே அவரிடம் போய் நன்றி சொன்னார்களாம்.

குவாரிக்குள் 23 மீட்டர் உயரமுள்ள, காது வடிவக் குகை ஒன்று இருக்கிறது. நான் போனபோது பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். ஆசிரியை தலையசைத்ததும் ஒரு சிறுமி முன்னால் வந்து, மனப்பாடமாக ஏதோ பாட்டைச் சொன்னாள். மெல்லத்தான் சொன்னாள். குரல் சுவரோடு சுவராக ஏறி, மேலே இருட்டில் சுற்றிவிட்டு, எங்கள் எல்லோர் தலைமீதும் திரும்ப வந்து விழுந்தது. அவள் திகைத்து நின்றாள். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினாள்.