ஸ்பைரல் பிரதியில் மட்டும் இருக்கும் வரி

ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் அந்த நாவலை முடித்தேன். பஸ்ஸிலேயே படித்துவிடலாம் என்று நினைத்தது தப்பு. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வராமல் இருந்ததே பெரிது. புத்தகம்கூட இல்லை, ஏ4 தாளில் அச்செடுத்து ஸ்பைரல் போட்ட கட்டு. எழுதிய தம்பி எங்கள் சேலத்துக்காரன். "புக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு மதிப்புரை எழுதுங்கக்கா" என்று கொடுத்திருந்தான். முதல் பக்கத்தில் பேனாவால் 'திருத்தத்துக்கு முன்' என்று எழுதியிருந்தது. நான்தான் கண்டுகொள்ளவில்லை.

கதை செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவரைப் பற்றியது. கடைசி அத்தியாயத்தில் பட்டறையை மூடிவிட்டு வீட்டுக்கு வருகிறார். 'பழக்கத்தில் அம்மா பேப்பரை விரித்தாள். அப்பா சட்டையை உதறினார். வெள்ளிப்பொடி விழவில்லை.' மதிப்புரையில் பாதி இதைப் பற்றித்தான் எழுதினேன்.

வெளியீட்டு விழாவில் ஒருவர் புத்தகத்தை நீட்டி, "அந்த இடம் எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டார். புரட்டினேன். 'அப்பா சோர்ந்துபோய் வந்தார்' என்று இருந்தது. அவ்வளவுதான்.

தம்பியை ஓரமாக இழுத்துக் கேட்டேன். "நாடகமா இருக்குன்னு எடிட்டர் சொன்னாருங்கக்கா. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."

வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கிளியூர் அருவி வர்ணனை மூன்று பக்கம் போயிருந்தது. நல்ல வேளை. அப்பாவின் பெயரைப் பழனியிலிருந்து மாணிக்கம் என்று மாற்றியிருந்தார்கள்; 112ஆம் பக்கத்தில் மட்டும் பழனி தப்பித்து நிற்கிறார். எடிட்டர் கெட்டிக்காரர்தான், அந்தச் சட்டை விஷயத்தில் மட்டும் சறுக்கிவிட்டார்.

1851இல் அமெரிக்க நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில்லுக்கு நேர்ந்தது இதற்குத் தலைகீழ். அமெரிக்காவில் எடுத்த புரூஃப் தாள்களை வைத்து லண்டனில் அக்டோபரில் அவருடைய 'தி வேல்' (திமிங்கலம்) நாவல் வந்தது. அதில் முடிவுரை இல்லை. கப்பலில் எல்லாரும் செத்துப்போனால் கதை சொல்பவன் யார் என்று அங்கே விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் அதே நாவல் நியூயார்க்கில் 'மோபி டிக்' என்று வந்த பதிப்பில், கதை சொல்பவன் ஒரு சவப்பெட்டியைப் பற்றிக்கொண்டு மிதந்து பிழைத்திருந்தான். அவர்கள் இல்லாததற்குத் திட்டினார்கள், நான் இல்லாததைப் புகழ்ந்தேன்.

அடுத்த பதிப்பிலாவது அந்த வரியைச் சேர்ப்பாயா என்று தம்பியிடம் கேட்டேன்.

"முதல்ல இந்த முந்நூறு விக்கட்டுங்கக்கா."