குத்து விழவே இல்லை

கம்ப்யூட்டர் ஆட்டங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வில் கடைசியாகக் கேட்ட கேள்வி: “முஸ்தபா ஆடியிருக்கீங்களா?”

பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கேப்காம் 1993-இல் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ என்ற ஆர்கேட் (கடைகளில் காசு போட்டு ஆடும் இயந்திர) ஆட்டத்தின் உண்மையான பெயர் எங்களில் பலருக்குத் தெரியாது. நான்கு நாயகர்களில் ஒருவன் மஞ்சள் தொப்பி போட்ட முஸ்தபா. அவன் பெயரே ஆட்டத்துக்கும் பெயராகிவிட்டது. “முடிச்சிருக்கேன் சார்” என்றேன். மறுவாரம் டெஸ்டராக, அதாவது ஆட்டத்தை ஆடிப் பார்த்துக் குறை சொல்கிறவனாக, சேர்ந்துவிட்டேன்.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடி. மொத்தம் பதினோரு பேர். வெளிநாட்டு வெளியீட்டாளர் ஒருவருக்காக ஒரு தெருச்சண்டை ஆட்டம் செய்துகொண்டிருந்தோம். விற்பனை விலை 5 டாலருக்கும் கீழே. கெடு ஏழு மாதம். ஒப்பந்தத்தில் இருந்தவை எட்டு லெவல், நான்கு நாயகர்கள், இருபத்து நான்கு வகை எதிரிகள். அந்த இருபத்து நான்கும் உண்மையில் ஆறு பேர்தான்; ஆளுக்கு நான்கு நிறத்தில் சட்டை. இதில் தப்பொன்றும் இல்லை, பழைய ஆட்டங்களும் இதைத்தான் செய்தன. ஆனால் அங்கே சட்டை மாறினால் ஆளின் குணமும் கொஞ்சம் மாறும். எங்கள் ஆட்டத்தில் சிவப்புச் சட்டைக்கு உயிர் கூடுதல், அவ்வளவுதான்.

முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, குத்து விழவில்லை. கை நீள்கிறது, சத்தம் வருகிறது, எதிரியின் உயிரைக் காட்டும் கோடு குறைகிறது. ஆனாலும் பஞ்சு மூட்டையைக் குத்துகிற மாதிரியே இருந்தது. என்ன குறை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “அடி படுகிற உணர்வு இல்லை” என்று பக் பதிவில், அதாவது குறைகளைக் குறிக்கும் பட்டியலில், எழுதினேன். எண் 212. “இதெல்லாம் பக் இல்லப்பா” என்று அதை மூடிவிட்டார்கள். நியாயம்தான், உணர்வை யாரால் திருத்த முடியும்?

எனக்குப் புரியவைத்தவர் பக்கத்து இருக்கை புரோகிராமர். ஒரு நாள் சாயங்காலம் முஸ்தபாவை ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது தனித்தனிப் படமாக, நகர்த்திக் காட்டினார். குத்து பட்டதும் அடித்தவனும் அடிபட்டவனும் கண் சிமிட்டும் நேரம் அப்படியே உறைந்து நிற்கிறார்கள். அப்புறம்தான் அடிபட்டவன் பறக்கிறான். ஆடும்போது அது கண்ணில் படுவதில்லை, கைக்கு மட்டும் தெரிகிறது. இதற்கு ‘ஹிட் ஸ்டாப்’ என்று பெயராம். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் ஆட்டத்தில் ஆறு ஃபிரேம் நிறுத்தினாலும் பத்தில் ஒரு பங்கு நொடிதான். இத்தனை வருடம் என் கட்டைவிரல் அந்தத் துளி நேரத்துக்காகத்தான் பட்டனை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

“இத நம்மளும் போட்டுரலாமா ப்ரோ?” என்றேன். அன்று ராத்திரியே போட்டுவிட்டார். முதல் குத்திலேயே நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே படம்தான், அதே சத்தம்தான், ஆனால் இப்போது அந்த ஆளுக்கு எலும்பு இருந்தது.

அடுத்து நடந்ததுதான் இத்தனை வருடமாக என்னை உறுத்துகிறது. அவர் போட்டது குறுக்கு வழி. குத்து பட்டதும் மொத்த ஆட்டத்தின் நேரத்தையே நிறுத்திவிட்டார். ஒருவனோடு ஒருவன் மோதும்போது பிரமாதமாக இருந்தது. இரண்டு பேர் ஆடி, ஐந்தாறு எதிரிகள் சூழ்ந்துகொண்டால், யார் யாரைத் தொட்டாலும் திரை முழுக்க நிற்கும். பார்க்கிறவருக்கு கம்ப்யூட்டர் திணறுகிற மாதிரித் தெரியும். அடிக்கிறவனையும் படுகிறவனையும் மட்டும் நிறுத்துவதுதான் சரியான முறை. அதற்கு எல்லா அசைவுகளையும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓட்ட வேண்டும்; குறைந்தது இரண்டு வாரம் ஆகும். நான் டெஸ்டர், என் வேலையைச் செய்தேன். “கூட்டத்தில் ஆட்டம் திக்குகிறது” என்று உயர் முன்னுரிமையில் ஒரு பக் போட்டேன். மறுநாள் வந்த புதுப் பதிப்பில் திக்கல் இல்லை, குத்தும் இல்லை. மொத்தத்தையும் எடுத்துவிட்டிருந்தார்கள். சரிபார்த்து அந்தப் பக்கை மூடியதும் நான்தான்.

பிறகு நடந்த கூட்டத்தில் புரோகிராமர் ஒரு கணக்கு சொன்னார். கேப்காமின் ‘ஃபைனல் ஃபைட்’ 1989-இல் ஆர்கேடில் வந்தது. அதைச் சூப்பர் நின்டெண்டோ என்ற வீட்டு ஆட்ட இயந்திரத்துக்குக் கொண்டுபோனபோது, ஆட்டத்தை அடைத்து விற்கும் கேட்ரிட்ஜில் இடமில்லை, இயந்திரத்துக்கும் தெம்பில்லை. மூன்று நாயகர்களில் ஒருவனைத் தூக்கினார்கள், ஒரு லெவலைத் தூக்கினார்கள், இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதையே தூக்கினார்கள். திரையில் ஒரே நேரத்தில் மூன்று எதிரிகளுக்கு மேல் வரமாட்டார்கள். அப்படியும் குத்து குத்தாகவே இருந்தது. “நம்மளும் ரெண்டு லெவல குறைச்சா அந்த ரெண்டு வாரம் கிடைக்கும் சார்.”

தயாரிப்பாளர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆன்லைன் கடைப் பக்கத்துல எட்டு லெவல்னு எழுதலாம். குத்து நல்லாருக்கும்னு எழுதினா எவன் நம்புவான்?” என்றார். எனக்கு இன்றும் இதற்குப் பதில் தெரியாது.

மிச்சக் குறைகளெல்லாம் இதன் பங்காளிகள். இந்த வகை ஆட்டத்தில் ஆள் இடம் வலமாக மட்டுமல்லாமல், தெருவுக்கு உள்ளேயும் வெளியேயும் நடக்கலாம். எதிரியின் கால் நம் காலுக்கு நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடியைக் கணக்கில் எடுப்பார்கள். கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பெரிய மனதோடு விட்டுவிட வேண்டும். எங்களுடையது கஞ்சத்தனமான அளவு. முகத்துக்கு நேரே விட்ட குத்து அவன் மூக்கின் வழியாகவே போய்விடும். ஐந்தாம் லெவலில் கடைசி எதிரி சில சமயம் திரையின் வலது ஓரத்துக்கு வெளியே போய் விழுவான். அவன் சாகாமல் அடுத்த கட்டத்துக்கு வழி திறக்காது. எப்போதாவதுதான் நடக்கிறது என்று “அடுத்த அப்டேட்டில்” என்று தள்ளிவைத்தோம். அந்த அப்டேட் வரவே இல்லை.

ஆட்டம் வெளிவந்த ராத்திரி பிரியாணி வாங்கித் தந்தார்கள். ஒரே வாரத்தில் விமர்சனங்கள் வர ஆரம்பித்தன. அதிகம் பேர் எழுதியது அந்த 212-ஐத்தான், அவரவர் மொழியில். எட்டு லெவலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது, தள்ளுபடியில் கிடைத்தது என்று அக்கா பையன் அதையே வாங்கி வைத்திருந்தான். நான் செய்தது என்று அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. “அடி படுதா இல்லையான்னே தெரில மாமா” என்று சலித்துக்கொண்டே ஆடினான். ஐந்தாம் லெவலில் நின்றுவிட்டது. எதிரியைக் காணோம், வழியும் திறக்கவில்லை. ஆஃப் பண்ணப் போனான்.

“இரு. வலது ஓரத்துல ஒட்டி நில்லு. குதிச்சு உதை, மூணு தடவை.”

மூன்றாவது உதையில் வெளியே எங்கோ ஒருவன் அலறினான். வழி திறந்தது. பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

“எப்படி மாமா தெரியும்?”

“சும்மா ஒரு குத்துமதிப்புதான்” என்றேன்.