இஞ்சிப் பியருக்கு எத்தனை லீற்றர் பானை வேண்டும்?

தீபாவளிக்கும் நத்தாருக்கும் எங்கள் வீட்டில் இஞ்சிப் பியர் போடுவது வழக்கம். உறவுகள் பெருகப் பெருக, 5 லீற்றர் பானையில் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது சலிப்பைத் தந்ததால், ஒரே தடவையில் 20 லீற்றர் போட்டுவிடக்கூடிய பானை ஒன்றை வாங்க முடிவு செய்தேன். ஹட்டன் கடைவீதியில் பாத்திரக் கடை முதலாளி, "தம்பி, பெருசாவே எடுங்க, ஒரேயடியா வேலை முடிஞ்சிடும்" என்றார். அக்கறையோடு சொன்னதுதான், ஆனால் பானையின் அளவைத் தீர்மானிக்க வேண்டியவை நம் வீட்டு அடுப்பும் நம் கைகளும் என்பதே என் உறுதியான எண்ணம்.

முதலில் கொள்ளளவைப் பார்ப்போம். 20 லீற்றர் பியருக்கு நான் ஏறத்தாழ 2 கிலோ சீனியும் அரைக் கிலோ இஞ்சியும் சேர்க்கிறேன். சீனி கரைந்து மறைந்துவிடுவதாகத் தோன்றினாலும், ஒரு கிலோ சீனி திரவத்தின் அளவை 600 மில்லிலீற்றர் அளவுக்குக் கூட்டிவிடும். துருவிய இஞ்சியும் தன் பங்குக்கு இடம் பிடிக்கும். அதிலுள்ள மாச்சத்தினால் கொதி வந்தவுடன் நுரை பொங்கி எழும். எனவே பானையில் ஐந்தில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்க வேண்டும். முழு 20 லீற்றரையும் ஒன்றாகக் கொதிக்க வைப்பதென்றால் 25 லீற்றருக்குக் குறைந்த பானை உதவாது.

அவ்வளவு பெரிய பானையை எந்த அடுப்பில் வைப்பது? வீட்டுக் காஸ் அடுப்பின் பெரிய பர்னரிலிருந்து தண்ணீருக்கு உண்மையில் போய்ச் சேரும் வெப்பம் 1.2 கிலோவாட் என்று வைத்துக் கணக்கிட்டால், 20 பாகையிலுள்ள 20 லீற்றர் தண்ணீர் கொதிப்பதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம் செல்லும். 8 லீற்றருக்கு அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரம் போதும். அதைவிட முக்கியமானது பாரம். 20 லீற்றர் தண்ணீரின் நிறையே 20 கிலோ. அதன்மேல் பானையின் நிறையும் சேர்ந்த கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து ஒருவர் தனியாக இறக்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே நான் தேர்ந்தெடுத்தது 12 லீற்றர் பானை. விட்டமும் உயரமும் 25 சென்ரிமீற்றராக உள்ள பானை 12 லீற்றருக்குச் சற்று மேல் கொள்ளும். அதில் ஒரு சென்ரிமீற்றர் உயரம் என்பது கிட்டத்தட்ட அரை லீற்றர். 8 லீற்றர் தண்ணீரும் இஞ்சியும் சீனியும் சேர்ந்த பிறகும், விளிம்புக்குக் கீழே ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்கு இடம் எஞ்சியிருக்கும். இந்தச் செறிந்த சாற்றைக் காய்ச்சி, தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டியில் பானையை இறக்கி ஆறவிட்டு, வடித்தெடுத்த பின், முதல் நாள் இரவே கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை 20 லீற்றர் வரும்வரை ஊற்றிக்கொள்கிறேன். காஸ் செலவு இதனால் பெரிதாகக் குறைந்துவிடாது, ஏனெனில் அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும். மிச்சமாவது வேலை நாளின் நேரமும் முதுகு வலியும். ஈஸ்ட்டைச் சேர்க்கும்போது சூடு 35 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதால், சிறிய பானை விரைவில் ஆறுவதும் பெரிய வசதி.

மலையகத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குச் சற்று முன்பின்னாகவே கொதித்துவிடும். ஹட்டனில் ஏறத்தாழ 96 பாகை. தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் கூடுதலாகப் போகும். அதனால் கொதி வந்தவுடன் தீயைத் தணித்து, மூடியைச் சற்றுத் திறந்தாற்போல் வைத்து, இஞ்சியைக் கூடுதலாகப் பத்து நிமிடம் சிறு தீயில் விடுவதே நல்லது. அகன்ற வாயுள்ள கிடாரத்தில் ஆவி இன்னும் வேகமாகப் போகும் என்பதால், விட்டமும் உயரமும் ஒத்த பானையையே விரும்புகிறேன்.

உலோகத்தைப் பொறுத்தவரை, அடி கனத்த எவர்சில்வர் என் தெரிவு. அலுமினியம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், விலையும் குறைவு. ஆனால் பியரில் சேர்க்கும் தேசிக்காய்ச் சாற்றின் புளிப்பு அதற்கு ஆகாது. அலுமினியப் பானைதான் இருக்கிறது என்றால், சாறு முழுதும் வேறு பாத்திரத்துக்கு மாறிய பிறகே தேசிக்காயைப் பிழியுங்கள். எந்தப் பானையானாலும் சீனியைத் தீயை அணைத்த பின் போட்டு, அடிவரை துழாவிக் கரைத்தால் அடிப்பிடிக்காது.

கடைக்குப் போகும்போது ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். உள்விட்டத்தையும் உயரத்தையும் அளந்து நீங்களே கொள்ளளவைக் கணக்கிட்டு, பானையின் அடி உங்கள் அடுப்புத் தாங்கியில் தளம்பாமல் நிற்குமா, இரண்டு கைப்பிடிகளும் ஆணி அடித்து இறுக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.